உறையாத குளிரும் கொல்லும்

2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் தமிழ்நாட்டுக் கரையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்த நாட்களில், வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் செத்து விழுந்தன. எமது திருகோணமலை மாவட்டமும் அதற்குத் தப்பவில்லை. வயல் வரம்பிலும் குளக்கரையிலும் கால்களை நீட்டியபடி கிடந்த மாடுகளின் படங்கள் எல்லோருடைய தொலைபேசிகளிலும் சுற்றின. விஷக் காற்று என்றார்கள் சிலர். புதுவித நோய் என்றார்கள் வேறு சிலர். கால்நடை அதிகாரிகள் சொன்ன காரணம் குளிர். அதைக் கேட்டு சீனன்குடாத் தேநீர்க் கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இதென்ன நுவரெலியாவா, குளிரில் மாடு சாக என்று கேட்டார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குச் சில வருடங்களுக்கு முன்னர், ஒரு தை மாதத்தில், இதே சீனன்குடாவிலிருந்து முதுகுப்பைகளோடு ஹோர்ட்டன் சமவெளிக்குப் போன ஆறு பேரில் நானும் ஒருவன். உறைபனி விழுந்த ஓர் இரவை அங்கே கூடாரத்தில் கழித்தோம். ஆனால் எங்களில் ஒருவன் ஆபத்தின் விளிம்புக்குப் போனது புல் வெள்ளையாகக் கிடந்த அந்த விடியற்காலையில் அல்ல. அதற்கு முந்திய பின்னேரம், உறைநிலைக்கு எவ்வளவோ மேலே, ஒரு தூறல் மழையில்.

குளிர் பற்றி எம்மவர்களிடம் ஒரு தவறான கணக்கு இருக்கிறது. வெப்பமானியில் எண் பூச்சியத்துக்குக் கீழே போனால்தான் ஆபத்து, அதற்கு மேலே எல்லாம் வெறும் நடுக்கம் என்ற கணக்கு அது. மாரியில் இடம்பெயர்ந்தவர்கள், தறப்பாளின் கீழ் படுத்தவர்கள், தண்ணீர் நிறைந்த பங்கருக்குள் இரவைக் கழித்தவர்கள் இவ்வளவு பேர் இருக்கும் சமூகத்தில் இந்தக் கணக்கு நிலைத்திருப்பது ஆச்சரியம்தான். அதைச் சரியாக விளங்கப்படுத்த அந்தப் பயணத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

சீனன்குடாவில் பிறந்து வளர்ந்தவனுக்குக் குளிர் என்றால் மார்கழியில் குடாப் பக்கமிருந்து வரும் ஈரக்காற்றுத்தான். எண்ணெய்க் குதங்களுக்கும் விமானப்படைத் தளத்துக்கும் மா ஆலைக்கும் இடையில் கிடக்கும் இந்த ஊரில் தை மாதத்து இரவிலும் வெப்பநிலை 24 பாகை செல்சியஸ் அளவில் நிற்கும். கடல் மட்டத்திலிருந்து ஒவ்வோர் ஆயிரம் மீற்றர் மேலே ஏறும்போதும் வளி சராசரியாக ஆறரைப் பாகை குளிர்கிறது. ஹோர்ட்டன் சமவெளி 2100 மீற்றருக்கு மேலே இருக்கிறது. கணக்குப் பார்த்தால் பத்துப் பாகை வரும். மேகமில்லாத இரவில் அதுவும் இறங்கி, டிசம்பர் தொடக்கம் பெப்ரவரி வரையான மாதங்களில் புல்லில் உறைபனி விழும். வனஜீவராசிகள் திணைக்களத்தில் முன்கூட்டியே அனுமதி எடுத்தால் அங்கே ஒதுக்கப்பட்ட இடங்களில் கூடாரம் போடலாம். கண்டி வரை பஸ், அங்கிருந்து ஒகியாவுக்கு ரயில், ஒகியாவிலிருந்து பத்துக் கிலோமீற்றருக்கும் மேலான ஏற்றம், எல்லாம் நடை. இதுதான் திட்டம்.

ஆறு பேரில் ஒருவனின் குடும்பம் மலையகத்திலிருந்து வந்தது. 1977 வன்முறைக்குப் பிறகு தோட்டத்தை விட்டுத் திருகோணமலைப் பக்கம் வந்து குடியேறியவர்கள். அவனுடைய அப்பாயிக்கு எங்கள் திட்டம் தெரிந்ததும் பெட்டியின் அடியில் கிடந்த ஒரு பழைய கறுப்புக் கம்பளியை எடுத்துத் தந்தார். மலையில் கொழுந்து பறிக்கும்போது மழைக்கும் குளிருக்கும் போர்த்திக்கொள்ளும் முரட்டுக் கம்பளி. தோட்டத்தில் அதைக் கொடுத்துவிட்டு விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்களாம். முழங்கை வரை குத்தும். எங்களுக்கு அதைச் சுமக்க விருப்பமில்லை.

"வெயில் ஊர்ப் புள்ளைங்க நீங்க. குளிரு மேலேருந்து வராது தம்பி, நெலத்துலேருந்துதான் ஏறும். கீழ எதையாச்சும் போட்டுப் படுங்க. நனைஞ்சத ஒடம்புல வெச்சிக்கிட்டு இருக்காதீங்க" என்றார்.

இந்த மூன்று வரிகளுக்குள் பௌதிகவியலின் பெரும்பகுதி இருக்கிறது. எமது உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 37 பாகை. அதைவிடக் குளிரான எதைத் தொட்டாலும் சூடு அந்தப் பக்கம் போகும். வளி சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். உடம்பைச் சுற்றி அசையாமல் நிற்கும் வளிதான் எமது உண்மையான போர்வை. துணியும் கம்பளியும் செய்யும் வேலை அந்த வளியைப் பிடித்து வைப்பது மட்டுமே. தண்ணீரோ வளியைவிட இருபத்தைந்து மடங்கு அளவு வேகமாகச் சூட்டை இழுத்துச் செல்லும். துணியின் இழைகளுக்கு நடுவே வளி இருந்த இடத்தில் தண்ணீர் வந்துவிட்டால் நீங்கள் உடுத்திருப்பது போர்வை அல்ல, சூட்டை வெளியே கொண்டுபோகும் பாதை. நனைந்த துணி காயவும் சூடு வேண்டும். தோலிலிருந்து ஒரு லீற்றர் ஈரம் ஆவியாக 580 கிலோகலோரி அளவு போகிறது. அடுப்பில் ஒரு லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கத் தேவையான சூட்டைப் போல ஏழு மடங்குக்கு மேல் அது. ஒரு நாள் சாப்பாட்டின் கால்பங்குக்கும் கூட. காற்று வீசினால் எல்லாம் இன்னும் வேகமாக நடக்கும்.

பருத்தி நனைந்தால் தண்ணீரைக் குடித்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும். ஜீன்ஸ் அதிலும் மோசம். கம்பளி மயிர் நனைந்தாலும் சுருள் குலையாமல் ஓரளவு வளியைப் பிடித்து வைத்திருக்கும். பொலியெஸ்டர் தண்ணீரைக் குடிக்காது, விரைவில் காயும். விலை உயர்ந்த குளிர்ச் சட்டைகள் எல்லாம் இந்த ஒரு விடயத்தின் விரிவாக்கம்தான்.

ஒகியாவில் இறங்கியபோது வெயில். பை ஒவ்வொன்றும் பதினைந்து கிலோ வரும். முதல் ஒரு மணித்தியாலத்திலேயே எல்லோருக்கும் வியர்த்து வழிந்தது. எங்களில் ஓட்டோ ஓட்டும் நண்பன் ஒருவன், உடம்பில் கொழுப்பே இல்லாத ஒல்லி, ஜீன்ஸும் பருத்தி ரீசேர்ட்டுமாக வந்திருந்தான். ஏற்றத்தின் பாதியில் தூறல் பிடித்தது. மழைக்கோட்டைப் போடச் சொன்னால், நடக்கும்போது புழுங்குது மச்சான் என்றான். வெளியே மழை, உள்ளே வியர்வை. மத்தியானம் ரயிலில் வாங்கிய வடையோடு சரி, வேறு எதுவும் சாப்பிடவில்லை. மேலே வெட்டவெளிக்கு வந்ததும் காற்று அறைந்தது.

நடக்கும்வரை தசைகள் சூட்டைத் தந்துகொண்டிருந்தன. கூடாரம் அடிக்க நின்றதும் அந்த அடுப்பு அணைந்தது. அவன் கடுமையாக நடுங்கினான். எல்லோரும் நடுங்கினோம், ஆகையால் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. பிறகு அவனுக்குப் பையின் சிப்பைத் திறக்க முடியவில்லை. கயிற்றைப் பிடிக்கச் சொன்னால் கை நழுவியது. தட்டையான புல்லில் இரண்டு தரம் தடுக்கினான். வாய் குழறியது. என்னடா என்று கேட்டதற்கு, "எனக்கொண்டுமில்லை, விடுங்கோ" என்று எரிந்து விழுந்தான். சீனன்குடாவிலேயே அதிகம் பகிடி விடுகிறவன் அவன்.

எங்களோடு வந்த தாதிய உத்தியோகத்தர் ஒருவர்தான் முதலில் அதைப் பெயர் சொல்லி அழைத்தார்: ஹைப்போதேர்மியா, உடல்வெப்பத் தாழ்வு. உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே போனால் அந்தப் பெயர். 37க்கும் 35க்கும் நடுவே இரண்டே பாகை. காய்ச்சலில் இரண்டு பாகை ஏறினால் பனடோல் தேடுகிறோம், இறங்கினால் கவனிக்க ஆளில்லை. 35க்கும் 32க்கும் இடையில் நடுக்கம் பலமாக இருக்கும், விரல்கள் சொன்னதைக் கேளா, பேச்சும் நிதானமும் குழம்பும். 32க்குக் கீழே நடுக்கம் நின்றுவிடும். இதைத்தான் பலர் தப்பாக விளங்கிக்கொள்கிறார்கள். நடுக்கம் நின்றால் ஆள் தேறிவிட்டான் என்று நினைப்பார்கள். உண்மையில் உடம்பு போராட்டத்தைக் கைவிடும் கட்டம் அது. 28க்குக் கீழே இதயத்தின் ஒழுங்கு எந்த நேரமும் தவறலாம். கடும் குளிரில் இறந்தவர்கள் சிலர் உடுப்பைக் கழற்றி எறிந்த நிலையில் கண்டெடுக்கப்படுவதுண்டு. சுருங்கியிருந்த தோலின் இரத்தக் குழாய்கள் இறுதியில் தளர்ந்து விரிய, எரிவதுபோல் ஓர் உணர்வு வருவதாலும், மூளை குழம்பிப்போவதாலும் அப்படி நடக்கிறது என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள்.

இதில் கொடுமை என்னவென்றால், பாதிக்கப்பட்டவனுக்குத் தான் பாதிக்கப்பட்டிருப்பது தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய மூளைதான் முதலில் மங்குகிறது. ஆகவே அவன் மறுப்பதைக் கணக்கில் எடுக்கக்கூடாது.

எடுக்கவில்லை. கூடாரத்துக்குள் இழுத்துப்போய் நனைந்த எல்லாவற்றையும் கழற்றினோம். துவாயால் ஒற்றித் துடைத்தோம், தேய்க்கவில்லை. கை கால்களைத் தேய்த்துச் சூடாக்குவது எம்மவர்களின் முதல் பழக்கம், இங்கே அது கூடாது. ஓரங்களில் தேங்கிய குளிர் இரத்தம் உள்ளே திரும்பி இதயத்துக்குப் போகலாம், தோலும் காயப்படும். கீழே மட்டைப் பெட்டிகளை விரித்து அதன்மேல் உரப்பைகளைப் போட்டு அவனைப் படுக்கவைத்தோம். காய்ந்த உடுப்பு, அதன்மேல் அப்பாயியின் கம்பளி. சுடுதண்ணீர் நிரப்பிய போத்தல்களைத் துணியில் சுற்றிக் கக்கங்களிலும் நெஞ்சருகிலும் வைத்தோம். சூடு கொடுக்கவேண்டியது நடு உடம்புக்கு, கைகால்களுக்கு அல்ல. தெளிவாக விழுங்க முடிகிறதா என்று பார்த்த பிறகு சீனி நிறையப் போட்ட தேநீரை மிடறு மிடறாகக் கொடுத்தோம். நடுங்குவதற்கு எரிபொருள் வேண்டுமே. மயங்கியிருந்தால் வாயில் ஒரு துளியும் ஊற்றக்கூடாது, ஆட்டாமல் அசைக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோவது ஒன்றுதான் வழி.

இதற்கிடையில் ஒருவன் பையிலிருந்து சாராயப் போத்தலை எடுத்தான். நல்ல எண்ணத்தில்தான். தாதி நண்பர் அதைப் பறித்துத் தூரத்தில் வைத்தார். மது தோலின் இரத்தக் குழாய்களை விரிக்கும். உள்ளே இருக்கவேண்டிய சூடான இரத்தம் தோலுக்கு வரும், ஒரு கதகதப்புத் தெரியும், அந்தச் சூடு அப்படியே வெளியே போய்விடும். மலைக்குப் போகும் பயணங்களில் சாராயம் குளிருக்கு மருந்து என்ற பேச்சு எவ்வளவு ஆழமாக வேரோடியிருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். இன்னொருவன் காஸ் அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுவரலாமா என்று கேட்டான். அதற்கும் இல்லை. மூடிய இடத்தில் அடுப்போ கரியோ எரிந்தால் காபனோரொட்சைட்டு சேரும். மணம் இல்லை, நிறம் இல்லை, நித்திரையிலேயே ஆளை முடித்துவிடும்.

முக்கால் மணித்தியாலம் கழித்து நண்பன் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். எங்களுக்கு உயிர் வந்தது.

அன்றிரவு மேகம் விலகியது. மேகம் பூமிக்குப் போர்வை மாதிரி. அது இல்லாத இரவில் தரையின் சூடு நேரே வானத்துக்குப் போய்விடும். குளிர்ந்த வளி பாரமானது, தண்ணீரைப்போல் பள்ளத்தை நோக்கி வடியும். விடிய எழுந்து பார்த்தால் கீழே தாழ்வான புல்வெளி உப்புத் தூவியதுபோல் வெள்ளை. கொஞ்சம் மேட்டில் இருந்த எங்கள் கூடாரத்தைச் சுற்றிப் பச்சைப் புல், வெறும் பனித்துளி. ஒரு மரை அந்த வெள்ளைக்குள் நின்று மூச்சால் புகை விட்டுக்கொண்டிருந்தது. நுவரெலியாத் தோட்டங்களில் தை மாசிப் பனியில் தேயிலை கருகும்போதும் பள்ளத்துச் செடிகள்தான் முதலில் கருகும் என்று மலையக நண்பன் சொன்னான். நாங்கள் காய்ந்த உடுப்போடு, வயிறு நிறையச் சாப்பிட்டு, மட்டைமேல் படுத்திருந்தோம். அந்த உறைபனி எங்களை ஒன்றும் செய்யவில்லை. ஓட்டோக்கார நண்பன் குறட்டை விட்டான்.

வெப்பமானி மட்டும் கையில் இருந்திருந்தால், பின்னேரம் பாதுகாப்பானது, இரவுதான் ஆபத்தானது என்று அது எங்களுக்குச் சொல்லியிருக்கும்.

இப்போது மாடுகளுக்கு வருவோம். குளிர்நாட்டு மாடுகள் உலர்ந்த மயிரோடு பூச்சியத்துக்குக் கீழேயும் தாக்குப்பிடிக்கும். அதே மாடு நனைந்துவிட்டால் 15 பாகை அளவிலேயே சூட்டைக் காக்க மேலதிக சக்தியைச் செலவழிக்கத் தொடங்குகிறது. எமது பக்கத்து மாடுகள் வெயிலுக்கு ஏற்ற மெல்லிய மயிரும் தளர்ந்த தோலும் கொண்டவை, சூட்டை வெளியே விடுவதற்கென்றே அமைந்த உடம்பு. கொட்டகை இல்லை, பெரும்பாலும் திறந்த பட்டி. மேய்ச்சல் தரைகள் சுருங்கிப்போன மாவட்டம். பொருளாதார நெருக்கடியில் தீவனம் வாங்க முடியாமல் போன வருடம் வேறு. எலும்பு தெரியும் மாடு, வெறும் வயிறு, விடாத மழை, புயலின் காற்று, ஈரத் தரை. எங்கள் நண்பனுக்கு ஒரு பின்னேரம் நேர்ந்தது அவற்றுக்கு இரவு பகலாக நேர்ந்தது, உடுப்பு மாற்றிவிட ஆளில்லாமல்.

இதே சேர்க்கை மனிதருக்கும் நேர்ந்திருக்கிறது. 1995 ஒக்ரோபர் 30 இரவு யாழ்ப்பாணத்திலிருந்து லட்சக்கணக்கானோர் கொட்டும் மழையில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தார்கள். அடி எடுத்துவைக்க இடமின்றி முதியவர்களும் கைக்குழந்தைகளும் மணிக்கணக்காக நனைந்தபடி நின்றார்கள். குடாவுக்கு அப்பால் சம்பூரிலிருந்து 2006இல் வாகரைக்குப் போனவர்கள், அந்த வருடக் கடைசியிலும் 2007 தையிலும் அங்கிருந்தும் கிளம்பி, மாரி மழையில் காட்டுவழியே வாழைச்சேனைப் பக்கம் நடந்தார்கள். பசி, களைப்பு, ஈரம், வெறுந்தரை. சிறு குழந்தையின் உடம்பில் எடைக்குத் தோலின் பரப்பு அதிகம், ஆகவே சூடு வேகமாகப் போகும். முதியவர்களுக்கு நடுங்கும் பலம் குறைவு. சாமத்தில் குழந்தை அழுகையை நிறுத்திச் சோர்ந்து கிடந்தால் நித்திரையாகிவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். முதலாம் உலகப் போரில் அகழிகளில் நின்ற சிப்பாய்களின் கால்கள் வெளிறி மரத்து அழுகத் தொடங்கியதைப் படித்தபோது எனக்கு எமது பங்கர்கள்தான் நினைவுக்கு வந்தன. அதற்கும் உறைபனி தேவையில்லை. குளிர்ந்த நீரில் கால் நாள்கணக்காக நின்றால் போதும்.

இன்னொரு குளிரையும் சொல்லாமல் விட முடியாது. எமது இளைஞர்கள் இன்றும் முகவர்களுக்குப் பணம் கட்டி ஐரோப்பாவின் கிழக்கு எல்லைகளை நோக்கிப் போகிறார்கள். 2021இல் பெலாரஸ், போலந்து எல்லைக் காட்டில் சிக்கிய அகதிகளில் பலர் குளிரால் இறந்தார்கள். 2022 ஜனவரியில் குஜராத்திலிருந்து போன ஒரு தாயும் தகப்பனும் இரண்டு பிள்ளைகளும் கனடா, அமெரிக்க எல்லையருகே பனிவெளியில் உறைந்து கிடந்தார்கள், எல்லைக் கோட்டிலிருந்து சில மீற்றர் தூரத்தில். அனுப்பும் முகவர் சப்பாத்துப் பற்றியும் சட்டை பற்றியும் பேசமாட்டார். போகாதே என்று சொன்னால் கேட்கும் நிலையில் பலர் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆறு அல்லது சதுப்பைக் கடந்து நனைந்தால் நடையை நிறுத்தி உள்ளுடுப்பு வரை மாற்றவேண்டும், ஒரு சோடி உடுப்பும் காலுறையும் பொலித்தீன் பையில் கட்டிக் கடைசிவரை உலர்ந்தபடி வைத்திருக்கவேண்டும், கூட நடப்பவன் குழறத் தொடங்கினால் அவன் சொல்வதைக் கேட்கக்கூடாது. இவற்றையாவது வீட்டிலிருப்பவர்கள் சொல்லி அனுப்பலாம்.

ஊரிலேயே இருப்பவர்களுக்கும் மாரி ஒவ்வொரு வருடமும் வருகிறது, வெள்ளமும் பாடசாலைக் கட்டடங்களில் தங்குவதும் கூடவே வருகின்றன. நிவாரணம் கொண்டுபோகிறவர்கள் சமைத்த சாப்பாட்டுக்கும் தண்ணீர்ப் போத்தலுக்கும் அடுத்ததாகப் பாயைத்தான் நினைப்பார்கள். சீமெந்துத் தரையில் தனிப் பாய் போதாது. பாய்க்குக் கீழே ஒரு பொலித்தீன் விரிப்பு, அதற்கு மேலே கடைகளில் சும்மா கிடைக்கும் மட்டைப் பெட்டிகள் இரண்டு அடுக்கு. குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் உலர்ந்த மாற்றுடுப்பு, தொப்பி, காலுறை. பட்டி வைத்திருப்பவர்கள் வாடைக்காற்று வரும் வடகிழக்குப் பக்கத்தில் ஒரு படங்கைக் கட்டி, தரையில் வைக்கோலைத் தடிப்பாகப் போட்டு, மழைக்கு முன் மாடுகளின் வயிற்றை நிரப்பினால் பெரும்பகுதி வேலை முடிந்தது.

கம்பளியை அப்பாயியிடம் திருப்பிக் கொடுத்தபோது அவர் அதை விரித்து மணந்து பார்த்துவிட்டு, வெயிலில் காயப்போட்டு, வேப்பிலை வைத்து மறுபடியும் பெட்டிக்குள் வைத்தார். 2022 புயலின்போது அதைத்தான் அவர்கள் வீட்டுக் கன்றுக்குட்டிக்குப் போர்த்திவிட்டிருந்தார்கள். தாய்ப்பசுவைக் குசினிக்குப் பின்னால் இருந்த பத்திக்குள் கட்டியிருந்தார்கள். இரண்டும் பிழைத்துக்கொண்டன.